அம்பாசிடர் கார் தரும் வியாபாரப் பாடம்

ராஜபாளையம் மில் வாசலிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண வீட்டிலும், பிளவக்கல் அணைக்குப் போகும் வாடகைக் காரிலும் ஒரு காலத்தில் கௌரவம் என்றால் அம்பாசிடர்தான்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை 1950களின் இறுதியில் கொண்டு வந்தது. 1960களில் மார்க் 2, 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4 எனப் பெயர்கள் மாறின. மாறியது பெரும்பாலும் முன்பக்கக் கிரில்லும் உள் அலங்காரமுமே. உருவமும் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அப்படியே நின்றன. லைசென்ஸ் காலம், பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

1980 வாக்கில் டீசல் எஞ்சின் வந்தது. எரிபொருள் செலவு குறைந்ததால் வாடகைக் கார்காரர்கள் கடைசிவரை அம்பாசிடரை விடவில்லை. மற்றவர்களோ, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பெட்ரோல் காருக்குப் புதிய இசுசு எஞ்சின் 1992இல்தான் கிடைத்தது. காலம் கடந்துவிட்டது. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றது.

நமக்கு என்ன பாடம்? வேறு கடை இல்லாததால் வருபவர் நம் வாடிக்கையாளர் அல்லர், காத்திருப்பவர். எதிரே ஒரு கடை திறந்தால் போய்விடுவார். போர்டுக்குப் புது வர்ணம் அடிக்கும் முன், சரக்கிலும் எடையிலும் கவனிப்பிலும் இவ்வாண்டு எதை மாற்றினோம் என்று கேட்டுக்கொள்வோம்.