கேபினில் தெரியும் கோளாறு: கப்பல் பிளம்பர் வேலைக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு

ஐ.டி.ஐ. முடித்து, நாலைந்து வருடம் கட்டிடங்களில் குழாய் வேலை பார்த்துவிட்டு, உல்லாசக் கப்பலில் பிளம்பராகச் சேரப் போகிறேன் என்று வந்து நிற்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கையில் தொழில் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஊரில் ஒரு வீட்டுக் கழிப்பறை அடைத்தால் அந்த வீட்டோடு போயிற்று. கப்பலில் அப்படி இல்லை. 2024-இல் பயணம் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 2,805 கேபின்கள். அத்தனைக்கும் தண்ணீர் போவதும் கழிவு வருவதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற குழாய்களில்தான். அதனால் புகார் வரும் இடம் ஒன்றாகவும் கோளாறு இருக்கும் இடம் வேறாகவும் இருப்பது அங்கே தினசரி நடப்பது.

1. புகார் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கேபினுக்கு ஓடாதே. கம்ப்யூட்டரில் அந்த வரிசையைப் பார். கப்பலில் குழாய்கள் டெக் டெக்காகச் செங்குத்தாக இறங்குகின்றன; அதற்குப் பெயர் ரைசர். ஏழாவது டெக்கில் ஒரு கேபினில் ஃப்ளஷ் ஆகவில்லை, அதற்கு நேர் மேலே எட்டாவது டெக்கிலும் அதே புகார் என்றால், இரண்டு கழிப்பறையிலும் ஒரே நேரத்தில் பாகம் கெட்டிருக்க வாய்ப்பில்லை. ரைசரைப் பார். ஒரே டெக்கில் ஒரு பக்கம் முழுக்கப் புகார் என்றால் பம்ப் அறைக்குப் போன் போடு. ஒரே ஒரு கேபின் என்றால்தான் பை எடுத்துப் போக வேண்டும். இரண்டு நிமிடம் திரையைப் பார்ப்பது உனக்கு அரை மணி நேர அலைச்சலை மிச்சம் பிடித்துத் தரும்.

2. வேக்கம் கழிப்பறையை உன் காதால் பழகு. இது நீ ஊரில் பார்த்த சாமான் இல்லை. வீட்டில் தண்ணீரின் எடை கழிவைத் தள்ளுகிறது. இங்கே காற்று இழுக்கிறது. பம்புகள் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை வெளிக்காற்றில் ஏறத்தாழ பாதியாக வைத்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் கீழே ரப்பர் வால்வு திறக்கும், அறைக் காற்று கழிவையும் அடித்துக்கொண்டு உள்ளே பாயும், வால்வு மூடும். செலவாகும் தண்ணீர் ஒரு லிட்டரோ அதற்குச் சற்று மேலோதான். சாய்வு தேவையில்லை, குழாய் மேல்நோக்கிக்கூட ஏறலாம். அதனால்தான் கப்பலுக்கு இது வாய்த்தது.

அதன் சத்தங்கள் நாலு வகை. அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் வேக்கம் குறைந்திருக்கிறது, இல்லாவிட்டால் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய ரப்பர் ஹோஸ் கழன்றிருக்கிறது. வேக்கம் போதாதபோது அந்தக் கருவி திறக்காமல் இருப்பதும் வேண்டுமென்றே செய்த ஏற்பாடுதான், அதைக் கோளாறு என்று நினைத்துப் பிரித்துப் போடாதே. இழுக்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் தண்ணீர் வால்வின் வடிகட்டி அடைத்திருக்கும். ஃப்ளஷ் செய்யாமலே கிண்ணத்தில் தண்ணீர் சொட்டிச் சேர்ந்துகொண்டிருந்தால் அதே வால்வு சரியாக மூடவில்லை. விட்டுவைத்தால் ராத்திரியில் நிரம்பி வழிந்து கம்பளம் நனையும். நாலாவது, இடைவிடாத ‘ஸ்ஸ்ஸ்’. கீழ் வால்வு மூடாமல் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பாவம், அந்தக் கேபின்காரர் புகாரே சொல்ல மாட்டார், அவருடையது நன்றாக வேலை செய்கிறதே! வேக்கத்தை இழப்பவர்கள் அதே வரிசையில் இருக்கும் மற்றவர்கள். புகார் வந்த கேபின் எல்லாம் சரியாக இருக்க, புகார் வராத கேபினைத் தேடிப் போக வேண்டிய வேலை இது. நடையில் நின்று கதவுகளில் காது வைத்துக் கேள். ஷாஃப்ட் கதவைத் திறந்து ஒவ்வொரு கிளை வால்வாக மூடிப் பார்த்து, எதை மூடினால் அளவுமானி ஏறுகிறதோ அங்கே போ.

3. அடைப்பை எடுக்கும்போது என்ன வெளியே வந்தது என்று குறித்து வை. ஈரத் துடைப்பான் தாள்தான் முதல் எதிரி. கழிப்பறையில் போடலாம் என்று உறையில் அச்சடித்திருப்பதை நம்பி நல்லவர்களும் போடுகிறார்கள். பிறகு நாப்கின், பல் இடுக்கு நூல், காது குடையும் பஞ்சுக் குச்சி, சில சமயம் உள்ளாடை. ஒரே கேபினில் மறுபடியும் துடைப்பான் வந்தால் கெஸ்ட்டிடம் நீ பேசாதே, கேபின் ஸ்டூவர்ட்டிடம் சொல். அவர் ஒரு சின்னக் குப்பைக் கூடையைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார். பாதிப் பிரச்சினை அதில் தீரும்.

வெளியே ஒன்றும் வராமல் குழாய் மட்டும் குறுகியிருந்தால் அது உப்புப் படிவம். கொஞ்சத் தண்ணீரில் சிறுநீர் போகிற குழாய் இது, உட்சுவரில் கல் போலப் படியும். அதற்கு அமிலம்தான் மருந்து, அதையும் தலைமை எஞ்சினியர் சொன்ன அளவில், சொன்ன நாளில்தான் செலுத்த வேண்டும். இது பயணிகள் கப்பலுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. அமெரிக்கக் கடற்படையின் புதிய விமானந்தாங்கிக் கப்பல்களின் கழிவுக் குழாய்களை இப்படி அமிலம் விட்டுக் கழுவ ஒரு தடவைக்கு 4 லட்சம் டாலர் ஆகிறது என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2020-இல் எழுதியது. குழாயின் அளவைத் தீர்மானிக்கிறவர் வேறு, அதைக் குடைகிறவர் வேறு. இரண்டு பேரையும் ஒரே கப்பலில் ஒரு மாதம் போட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

4. நாற்றம் என்றால் கழிப்பறையைச் சந்தேகிக்காதே. வேக்கக் குழாய் காற்றை உள்ளே இழுப்பது, வெளியே விடாது. நாற்றம் வருவது பெரும்பாலும் குளியலறைத் தரை வடிகாலிலிருந்து. அதன் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டால் கழிவுநீர்க் குழாயின் காற்று அறைக்குள் ஏறும். கெஸ்ட் இல்லாமல் பல நாள் பூட்டிக்கிடந்த கேபினில் இது நடக்கும். கடல் கொந்தளித்த ராத்திரிக்கு மறுநாளும் நடக்கும், ஆட்டத்தில் அந்தத் தண்ணீர் தெறித்துப் போயிருக்கும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்று, கால் மணி நேரம் கழித்து வந்து பார்.

ஷவர் தண்ணீர் தேங்குகிறது என்று ஒரே காலையில், கப்பலின் ஒரே பக்கத்திலிருந்து நிறையப் புகார் வந்தால் வடிகாலைப் பிரிக்குமுன் கப்பல் சாய்ந்திருக்கிறதா என்று கேள். குளியலறைத் தரையின் வாட்டம் சின்னது. கப்பல் ஒரு டிகிரி எதிர்ப்பக்கம் சாய்ந்தாலே போதும், தண்ணீர் கதவுப் பக்கம் ஓடும். எந்தத் தொட்டியிலிருந்து எதற்குத் தண்ணீரை மாற்றினால் சாய்வு நிமிரும் என்பது என்ஜின் கண்ட்ரோல் ரூமில் இருப்பவர்களுக்குத் தெரியும். உன் ஸ்பேனருக்கு அங்கே வேலை இல்லை.

5. கூரையிலிருந்து சொட்டினால், கெஸ்ட்டுக்கு டைட்டானிக் ஞாபகம் வரும். சிரிக்காதே. என்ன தண்ணீர் என்று முதலில் கண்டுபிடி. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏ.சி. ஓட விட்டால் ஈரக்காற்று குளிர்ந்து கூரைத் தகட்டில் வியர்க்கும்; வெப்ப மண்டலக் கடலில் முக்கால்வாசிச் சொட்டு இதுதான். சந்தேகம் இருந்தால் சொட்டை ஒரு கோப்பையில் பிடித்து குளோரின் சோதனைத் தாளை நனைத்துப் பார். குளோரின் காட்டினால் நன்னீர்க் குழாய் கசிகிறது, காட்டாவிட்டால் ஏ.சி. நீராக இருக்கலாம், மேல் கேபினின் கழிவுநீராகவும் இருக்கலாம். மூக்கு மீதியைச் சொல்லும். கூரைக்கு மேலே ஓடும் குழாய்களின் நிறத்தையும் மனப்பாடம் செய்: நீலம் நன்னீர், பச்சை கடல்நீர், கறுப்பு கழிவு, சிவப்பு தீயணைப்பு. சிவப்பில் கசிவு என்றால் தொடாதே, பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடு.

6. நன்னீர் வேலைக்கும் கழிவு வேலைக்கும் ஒரே கருவி கூடாது. காலையில் கறுப்புக் குழாயில் பட்ட ரெஞ்ச் மதியம் ஷவர் தலையில் படக் கூடாது. தனிப் பை, தனிக் கையுறை. புதிதாக மாட்டும் எந்த நன்னீர்ப் பாகமும் குளோரின் கரைசலில் ஊறிவிட்டுத்தான் குழாயில் ஏற வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அந்நாட்டுச் சுகாதாரத் துறை 1975-இலிருந்து ஆய்வு செய்து வருகிறது. நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. கடைசிக் கேபினின் குழாயிலும் குளோரின் குறைந்தது 0.2 பி.பி.எம்., கூடியது 5 பி.பி.எம். இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அது ஷவர் தூவலோடு மூச்சில் ஏறினால் நிமோனியா. 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் இறந்த பிறகுதான் இந்தக் கிருமியை உலகம் அடையாளம் கண்டது. ஆகவே வெந்நீர் போதவில்லை என்ற புகாரைச் சொகுசுக்காரர் முணுமுணுப்பு என்று தள்ளிவிடாதே. கலப்புக் குழாயின் கார்ட்ரிட்ஜ் பழுதாகி வெந்நீரும் தண்ணீரும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தால், பக்கத்துக் கேபின்களில் பச்சைத்தண்ணீர்க் குழாயிலேயே வெதுவெதுப்பு வரும். அந்தக் கிருமிக்கு வேண்டியதும் அதுதான். ஆள் இல்லாத கேபின்களில் குழாயைத் திறந்து ஓடவிடும் வேலை கொடுத்தால் சலித்துக்கொள்ளாமல் செய், செய்யாமல் தாளில் டிக் போடாதே.

7. கதவைத் தட்டி, ‘மெயின்டனன்ஸ்’ என்று சொல்லி, பதில் வரும்வரை நில். மறுபடி தட்டு. உள்ளே குழந்தை மட்டும் இருந்தால் போகாதே, ஸ்டூவர்ட்டை அழைத்து வா. காலணி உறை போடு, கருவிகளைத் துணி விரித்து வை, கட்டிலில் எதையும் வைக்காதே. உள்ளே எடுத்தது எதுவானாலும் முகம் சுளிக்காதே. பல்செட்டும் மோதிரமும் வந்தால் பையில் போட்டு, ஸ்டூவர்ட் கண்ணெதிரில் எழுதிக் கொடு.

ரொம்ப முக்கியமானது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மெய்யாகச் சொல்வது. ‘அஞ்சு நிமிஷம் சார்’ என்ற பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வா. அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் காசு சேர்த்து வந்திருக்கும். கோளாறு வந்ததைப் பொறுத்துக்கொள்வார்கள், மூன்று தடவை அஞ்சு நிமிஷம் கேட்டதைப் பொறுக்க மாட்டார்கள். ரைசர் வேலை, மாலை ஆகும் என்று தெரிந்தால் அப்போதே சொல், கெஸ்ட் சர்வீஸுக்கும் அப்போதே சொல். வேறு கேபின் தருவதா, பணம் திருப்பித் தருவதா என்பது அவர்கள் பாடு, நீ வாக்குக் கொடுக்காதே. ஆனால் கப்பல் நிறைந்து ஓடும்போது காலி கேபின் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், நீ காலையில் சொன்னால் கிடைக்கும், இரவு சொன்னால் வேறு யாராவது போயிருப்பார்கள். ‘இந்தக் கப்பலே இப்படித்தான்’ என்று வாய் தவறியும் சொல்லாதே.

8. கழிவுத் தொட்டிக்குள் அனுமதிச் சீட்டு, காற்றுச் சோதனை, வெளியே காவலாள் மூன்றும் இல்லாமல் தலையை நீட்டாதே, யார் சொன்னாலும். அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று ஒருவன் இறங்குவான், அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவான்.

9. மின்சாரம் போனால் கழிப்பறையும் போச்சு. வேக்கம் பம்பை நம்பி, பம்ப் மின்சாரத்தை நம்பி. 2013 பிப்ரவரி 10 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் டிரையம்ஃப்’ கப்பலின் என்ஜின் அறையில், ஜெனரேட்டர் ஒன்றின் எரிபொருள் ஹோஸ் கசிந்து தீப்பற்றியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 4,000-க்கு மேற்பட்டவர்களோடு கப்பல் மின்சாரமில்லாமல் மிதந்தது; அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்கு இழுத்து வந்து சேர்க்க 14-ஆம் தேதி இரவாகிவிட்டது. அதுவரை ஜனங்கள் பிளாஸ்டிக் பைகளில் போனார்கள். உலகம் அந்தப் பயணத்தை நினைவில் வைத்திருப்பது தீயை வைத்து இல்லை, கழிப்பறையை வைத்து. விளக்கு அணைந்த உடனே, வேக்கம் மிச்சமிருக்கும்போதே, எந்தக் கழிப்பறைகளைத் திறந்து வைப்பது, எவற்றைப் பூட்டுவது என்று உன் சூப்பர்வைசர் சொல்வார். அந்தத் திட்டத்தை முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்.

10. குழாய் போக வழி வேண்டும் என்று சுவரில் புதிதாகத் துளை போடாதே. அந்தச் சுவர் தீயை நிறுத்தவும் இருக்கிறது. துளை அவசியம் என்றால் எழுதி வாங்கு, போட்டபின் அதற்குரிய பொருளால் அடை.

11. கெஸ்ட் மாறும் நாளில், பழையவர் இறங்கிப் புதியவர் ஏறும் அந்த ஒரு சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்வார்கள். வாரம் முழுக்கச் சேர்ந்த வேலை அன்றைக்குத்தான் கிடைக்கும். அதற்கு ஆயத்தம் முதல் நாள் இரவே நடக்க வேண்டும், பாகங்களைக் கேபின் எண்ணோடு பைகளில் போட்டு வை. ஆனால் ஓய்வைத் தின்னாதே. நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு என்பது கடலோடிகளுக்கான உலகச் சட்டம். எடுத்த ஓய்வை எழுது, எடுக்காததை எழுதாதே.

12. ஒப்பந்தம் முடிந்து இறங்கும்போது அடுத்து வருகிறவனுக்கு ஒரு நோட்டு விட்டுப் போ. ‘சரிசெய்யப்பட்டது’ என்ற சொல்லால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எந்த ரைசர், எந்த டெக், எந்தப் பாகம் மாற்றினாய், எது தற்காலிகக் கட்டு, எந்த உதிரி தீர்ந்து ஆர்டர் போட்டிருக்கிறது என்று எழுது. நீ மூடிவிட்டுத் திறக்காமல் வந்த வால்வு ஏதாவது இருந்தால், அதை முதல் வரியில் எழுது.