அருகிருந்து காப்போர்

காவிரி பாயும் தஞ்சை நாடு நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. குறுவையும் சம்பாவும் விளையும் அந்நாட்டில் நெல்லை நாடி எலி வரும். எலியை நாடிப் பாம்பு வரும். ஆதலால் வரப்பில் நடப்போர்க்கும் கதிர் அறுப்போர்க்கும் பாம்புக்கடி நீங்காத இடராக உள்ளது.

இத்தகைய இடர்களில் உதவுவதற்கென்றே, தமிழ்நாட்டில் 2008 ஆம் ஆண்டில் 108 அவசர ஊர்திப் பணி தொடங்கப்பெற்றது. ஊர்தியில் ஓட்டுநருடன் அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவார். அவர் மருத்துவர் அல்லர். ஆயினும், மருத்துவரிடம் சேரும் வரையில் நோயாளியின் உயிர் அவர் கையில் உள்ளது.

பாம்பு கடித்த உழவர் ஒருவரிடம் அவர் வந்து சேர்ந்ததாகக் கொள்க. சுற்றிலும் உறவினர் கலங்கி நிற்பர். காலைக் கயிற்றால் இறுகக் கட்டுக என்பார் ஒருவர்; கடிவாயைக் கீறுக என்பார் மற்றொருவர்; மந்திரிப்பவரிடம் கொண்டு செல்க என்பார் வேறொருவர். உதவியாளர் இவற்றுக்குச் செவி சாய்ப்பதில்லை. முதலில், மூச்சு செல்லும் வழி தடையின்றி உள்ளதா என்று நோக்குவார். அடுத்து, மூச்சை எண்ணுவார். வளர்ந்தவர் அமைதியாக இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுதல் இயல்பு. அதன் பின்னரே நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், உணர்வு நிலை ஆகியவற்றை ஆராய்வார். மூச்சு நின்றால் சில நிமிடங்களில் உயிர் பிரியும்; ஆதலின் அதுவே முதலிடம் பெறுகிறது.

பின்னர் நஞ்சின் குறிகளைத் தேடுவார். நல்லபாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு நரம்பைத் தாக்கும். அதனால் கண்ணிமை தாழும், பேச்சுக் குழறும், மூச்சும் தளரும். கண்ணாடி விரியனின் நஞ்சு குருதி உறையும் தன்மையைக் கெடுக்கும். ஈறு முதலிய இடங்களில் குருதி கசியும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் தோன்றாமலே இருக்கலாம். எனவே, காயம் சிறிது என்று வாளா இருத்தல் பெரும்பிழையாகும்.

கடிபட்ட காலை அசையாமற் செய்தபின், எங்குக் கொண்டு செல்வது என்னும் வினா எழும். 1959 இல் தொடங்கப்பெற்ற தஞ்சை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பெரியது. ஆயினும், தொலைவில் உள்ள சிற்றூரார்க்கு, நஞ்சுமுறி மருந்து வைத்திருக்கும் அண்மை மருத்துவமனையே முதற்புகலிடம். பெரிய இடம் எது என்பதன்று. மருந்து விரைந்து கிட்டும் இடம் எது என்பதே அவர் எண்ணுவது. ஐயம் எழுந்தால் தொலைபேசி வழியே மருத்துவரின் அறிவுரையும் பெறுவார்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து துணைசெய்வோரையும் மருத்துவத்தின் ஒரு கூறாக வைத்தார். ஊர்தி வருமுன் அருகில் இருப்பவர் அவ்வூர் மாணவராகவும் இருக்கலாம். கடிவாயைக் கீறாமலும், காலை இறுகக் கட்டாமலும், கடிபட்டவரை நடக்க விடாமலும் காத்து, 108 ஐ விரைந்து அழைக்கும் மாணவரும் அக்கூறில் இடம்பெறுவார்.