கல்லாவில் குறைந்தது யார் தலையில்?

திருத்தணி மலைக்கு ஏறும் படிகள் 365. ஆடிக் கிருத்திகையிலும், டிசம்பர் 31-ஆம் தேதி இரவு நடைபெறும் படித் திருவிழாவிலும் அவ்வூர்க் கடைத்தெருவில் கால் வைக்க இடமிராது. தேங்காய், பூ, வளையல், பொம்மை, தேநீர் என்று சிறு கடை வைத்துப் பிழைப்போர் அந்த நாட்களை எதிர்பார்த்தே இருக்கின்றனர். அதே நெரிசலை எதிர்பார்த்து வேறு சிலரும் வருகின்றனர். கல்லாவில் கைவிடுகிறவன், கள்ள நோட்டை மடித்து நீட்டுகிறவன், குடித்துவிட்டு வந்து தின்றதற்குக் காசு கேட்ட பையனை அறைகிறவன், மாமூல் தராவிட்டால் கடையை உடைப்பேன் என்று மிரட்டுகிறவன். ஆந்திர எல்லை அருகிலேயே இருப்பதால், நகரிப் பக்கம் வண்டியேறிவிட்டால் பிறகு யார் தேடுவது என்று கடைக்காரர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இவர்கள் செய்வது ஹராம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. உயிரும் பொருளும் மானமும் ஒருவருக்கொருவர் புனிதமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் அறிவித்தது குழந்தைகளுக்கும் தெரியும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு மஸ்அலா. இரவு கடை சாத்தும் நேரத்தில் கணக்குப் பார்க்கிறார்கள். கல்லாவில் ஐந்நூறு ரூபாய் குறைகிறது. அந்த நஷ்டம் யாரைச் சேரும்?

பெரும்பாலான கடைகளில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு. “பையன் சம்பளத்தில் பிடி!” இதைச் செய்பவரைக் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லவில்லை. முதலாளி என்ற பெயர்தான் பெரிது. மனைவியின் நகையை விற்றுக் கடை போட்டவராகக்கூட அவர் இருப்பார். திருடனைப் பிடிக்க முடியவில்லை, வாடகைக்காரரிடம் தவணை கேட்க முடியவில்லை. கைக்கு எட்டுகிறவன் சம்பளக்காரன் ஒருவன்தான். ஆனால் கைக்கு எட்டுவது ஷரீஅத்தில் ஆதாரமாகாது.

ஒரே முதலாளியிடம் குறித்த நேரத்துக்கு வேலை செய்பவரை ஃபிக்ஹு நூல்கள் ‘அஜீர் காஸ்’ என்று அழைக்கின்றன. அவர் கையில் இருக்கும் சரக்கும் பணமும் அமானத். அமானத்தாக வைத்திருப்பவர் வரம்பு மீறினால் அல்லது கவனக் குறைவாக இருந்தால் மட்டுமே நஷ்டத்துக்குப் பொறுப்பாவார். தையற்காரர், சாயக்காரர் போன்று பலருக்கும் பொதுவாக வேலை செய்பவர் விஷயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஒரு விதமாகவும், அவர்களுடைய இரு மாணவர்களும் வேறு விதமாகவும் கூறியுள்ளனர். கடைப் பையன் விஷயத்தில் அந்தத் தகராறுக்கு இடமில்லை.

“குறைந்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்று சேரும்போதே சொல்லித்தானே வைத்தோம்?” என்று கேட்பார்கள். அமானத்தை வைத்திருப்பவர் மீது அத்தகைய நிபந்தனை விதித்தாலும் அது செல்லாது என்பதே ஹனபீ, ஷாபிஈ மத்ஹபுகளின் சட்டம். நாட்டுச் சட்டமும் இதை ஒட்டியே இருப்பதைக் கவனியுங்கள். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும், அதன் இடத்தில் வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும், தொழிலாளியின் அசட்டையால் நேரடியாக ஏற்பட்ட நஷ்டத்துக்கு மட்டுமே பிடித்தம் செய்ய இடமளிக்கின்றன. அதிலும் அவர் பக்க நியாயத்தைக் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும்.

எது அசட்டை? கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனால் அது அசட்டை. சாவியை ஊர் பேர் தெரியாதவனிடம் கொடுத்தால் அதுவும் அசட்டை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்கும்போது, ஒருவருக்குச் சரக்கு எடுக்கத் திரும்பிய நொடியில் பறிபோனது அசட்டையாகாது. ஆள் போதாமல் கடையை நடத்தியது யாருடைய குறை என்பதையும் அப்போது நினைத்துப் பார்க்க வேண்டும். கத்தியைக் காட்டி, உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்ற நிலையில் பணத்தைக் கொடுத்துவிட்டால் அவர் மீது பொறுப்பில்லை என்று ஹனபீ நூல்கள் கூறுகின்றன. தன் பொருளைக் காக்கப் போராடி இறப்பவர் ஷஹீது என்ற ஹதீஸைச் சிலர் இங்கே எடுத்துக் காட்டுவார்கள். பொருளுக்காகப் போராட அனுமதி உண்டு. அது கட்டாயக் கடமையன்று. பிறருடைய கல்லாவுக்காகப் பதினெட்டு வயதுப் பிள்ளை ஏன் உயிரை விடவில்லை என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை.

பையன் மீதே சந்தேகமா? வாதிப்பவர் சாட்சி கொண்டுவர வேண்டும். மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும். இதுவே மார்க்கம் வகுத்த முறை. தூணில் கட்டி வைத்து அடிப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை. தெலுங்கு பேசுகிறான், வெளியூரான் என்பதெல்லாம் சாட்சியத்தில் சேராது.

கள்ள நோட்டு விஷயமும் இதே போன்றதுதான். கூட்டத்தில் நம் தலையில் கட்டப்பட்டதை, கண் மங்கிய பாட்டி ஒருவர் தலையில் கட்டுவது ஹராம். தெரிந்தே மாற்றுவது நாட்டுச் சட்டத்திலும் குற்றம். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்தவரை நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவிலேயே கண்டித்தார்களே, அவருக்கு அதை நனைத்தது மழைதான்!

திருடனைத் தேடும் வழியையும் சொல்லிவிடுகிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எங்கள் எல்லையில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. கடைக்காரர் தனியாகப் போகத் தயங்கினால் பக்கத்துக் கடைக்காரர் இருவர் உடன் செல்லட்டும்.

ஏற்கெனவே பிடித்துவிட்டவர் என்ன செய்வது? பிடித்த தொகை அந்தப் பையனுக்குச் சேர வேண்டிய கடன். கணக்கேட்டைப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும். அவன் வேலையை விட்டுப் போயிருந்தால் வீட்டைத் தேடிச் சென்று கொடுக்க வேண்டும். இறந்திருந்தால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். எவ்வளவு தேடியும் யாரும் கிடைக்காவிட்டால் அவன் பெயரால் ஏழைகளுக்குத் தர்மம் செய்ய வேண்டும். பின்னொரு நாள் அவனே வந்து நின்று, அந்தத் தர்மத்தை ஏற்க மாட்டேன் என்றால், தொகையை மீண்டும் அவனுக்கே கொடுக்க வேண்டும்.