முடத்தெங்கும் துலாக்கோலும்

சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணத்துக்குள் புகுமுன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பைக் கூறுகிறது. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவை உவமை. ஆசிரியராகத் தகாதவர்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு ஆகியவை உவமை. தேர்வுக்கென்று மனப்பாடம் செய்து மறந்தவர் பலர். ஆசிரியப் பணியிலிருப்போர் மீண்டும் படித்தல் நன்று.

இவற்றுள் என் மனத்தை உறுத்துவது முடத்தெங்கு. ஒருவர் நீர் வார்க்க, வளைந்து சென்று வேறிடத்தில் காய் உதிர்க்கும் தென்னை அது. இன்று அவ்வளைவு பெரும்பாலும் டியூஷன் என நாம் வழங்கும் தனிப்பயிற்சியை நோக்கியே அமைகிறது. வகுப்பில் சுருக்கமாக முடித்த கணக்கை மாலையில் வீட்டில் விரிவாக விளக்கும் ஆசிரியர் உளர். கேட்பவன் பல வேளைகளில் அதே மாணவன்தான். பணம் மட்டுமே புதிது. குறைந்த அளவால் கொடுத்து மிகுந்த அளவால் கொள்ளுதல், கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்குரிய குற்றங்களுள் ஒன்றென நாம் கற்றிருக்கிறோம். கடைக்காரரின் படிக்கல்லுக்குப் பொருந்துவது பாடவேளைக்கும் பொருந்தாதா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 28ஆம் பிரிவில் ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது.

துலாக்கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியப் பயிற்சி மாணவியரின் பாடங்களைப் பல ஆண்டுகள் பின்வரிசையில் அமர்ந்து பார்வையிட்டவள் நான். பாடக்குறிப்பு குறையின்றி இருக்கும். கரும்பலகை எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் வினாக்கள் முன்வரிசையைத் தாண்டி வருவதில்லை. விடை தெரிந்த குழந்தையிடமே வினவினால் பாடம் தடையின்றி ஓடும்; பார்வையிட வந்தவர்க்கும் மகிழ்ச்சி. எனவே, முதலில் வினாவை வகுப்பு முழுமைக்கும் கூறுக, சற்றுப் பொறுத்திருக்க, அதன்பின் பெயர் சொல்லி அழைக்க என்று கற்பித்தேன். பெயரை முதலில் சொன்னால் மற்றையோர் சிந்திப்பதை விட்டுவிடுவர். அந்தச் சில நொடி மௌனத்தைப் பொறுப்பதுதான் இளம் ஆசிரியர்க்குக் கடினம்.

நன்னூல் கடை மாணாக்கர்க்கு எருமையையும் உவமை கூறுகிறது. பாயிரத்தில் இவ்வொரு சொல்லை மட்டும் நம் ஆசிரியர் சிலர் மறப்பதே இல்லை! மேற்கூறிய சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமன்றி மனத்தைத் துன்புறுத்துவதையும் விலக்குகிறது.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் குறைந்தவுடன் தனிப்பயிற்சிக்கு இடம் தேடாமல், குழந்தையின் குறிப்பேட்டுடன் வகுப்பாசிரியரைச் சென்று காணுங்கள். எப்பாடத்தில், எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பணிவுடன் வினவுங்கள். ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவையாயின் கூடுதலாகக் கற்பித்தல் 24ஆம் பிரிவின்படி ஆசிரியரின் கடமை. அதற்குத் தனியே கட்டணம் இல்லை.