எண்ணூர் முகத்துவாரம்: ஐந்து படங்களில் ஓர் அகலப்படம்

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் படகுகள், மணல்திட்டுகள், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் எல்லாம் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். கேமராவின் ஒரே படத்தில் அவை அடங்கா. பல படங்களாக எடுத்து ஒட்ட வேண்டும். பள்ளியில் சும்மா கிடக்கும் சிறிய டிஜிட்டல் கேமராவே போதும்.

காலையில் செல்லுங்கள். சூரியன் கடல் பக்கம் இருக்கும்; மேற்கு நோக்கி எடுத்தால் ஒளி சீராக விழும். ஜூமைத் தொடாதீர்கள். வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் ‘வெயில்’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் படத்துக்குப் படம் வானத்தின் நிறம் மாறும்.

எத்தனை படங்கள் தேவை என்பதை மாணவர்களே கணக்கிடட்டும். 28 மி.மீ. அகலக்கோணத்தில் கேமராவை நெடுக்காகப் பிடித்தால் ஒரு படத்தில் ஏறத்தாழ 50 பாகை அடங்கும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஆகவே அடுத்த ஒவ்வொரு படமும் 33 பாகை சேர்க்கும். 50 + (4 × 33) = 182. ஐந்து படங்களில் அரைவட்டம் முடிந்துவிடும்.

பலரும் தவறுவது திரும்பும் விதத்தில்தான். உடலைச் சுழற்றினால் கேமராவும் இடம் மாறும். அருகிலுள்ள படகு தொலைவிலுள்ள புகைபோக்கியை விட்டு விலகித் தெரியும். கட்டைவிரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் இது புரியும். லென்சுக்கு நேர் கீழே தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் இட்ட புள்ளியைவிட்டு அது விலகாமல் கேமராவைத் திருப்புவதே வழி. குழந்தைகளை நீர்விளிம்பிலிருந்து தள்ளியே நிறுத்துங்கள்.

ஒட்டுவதற்கு ஹியூஜின் என்னும் கட்டற்ற மென்பொருள் உண்டு. அடுத்தடுத்த படங்களில் பொதுவான புள்ளிகளை அது தானே தேடும். சில நேரம் அலையையும் மேகத்தையும்கூடப் பிடித்துக்கொள்ளும். அவற்றை நீக்கிவிட்டுப் புகைபோக்கியின் உச்சி போன்ற அசையாதவற்றை மாணவர்கள் குறிக்கலாம்.

கைபேசியே ஒட்டித் தருமே என்று கேட்கலாம். தரும்; எங்கே ஒட்டியது என்று சொல்லாது. நகர்ந்த படகு இருமுறை வந்திருக்கலாம், நேரான கரை வளைந்திருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவிய கழிமுகம் இது. பருவத்துக்கொரு முறை அதே புள்ளியில் எடுத்த வரிசை இருந்தால், அத்தகைய மாற்றத்தை முன்னும் பின்னும் வைத்து ஒப்பிடலாம். அந்த ஒப்பீட்டுக்கு ஒட்டிய படத்தை நம்ப முடியாது. ஐந்து மூலப்படங்களையும், தேதி, நேரம், நின்ற இடம் எழுதிய ஒரு தாளையும் சேர்த்தே பாதுகாத்து வையுங்கள்.