எக்ஸ் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள மீனா,

பைதான் வகுப்பில் சேர்ந்தால் அல்ஜீப்ரா தானாக வந்துவிடுமா என்று கேட்டிருந்தாய். தானாக வராது. ஆனால் நிரலை எப்படி, எந்த வரிசையில் எழுதுகிறாய் என்பதில் கவனம் வைத்தால், நிரல் எழுதுவதே அல்ஜீப்ரா போடுவதாக ஆகிவிடும்.

இந்த ஆசை பழையது. 1967இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் உள்ளிட்ட சிறு குழு, குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கியது. திரையில் ஓர் ஆமை, நாம் சொல்கிறபடி நடந்து கோடு போடும். அதைக் கற்றால் சிந்தனையே கூர்மையாகிவிடும் என்று பலர் நம்பினார்கள். 1980களில் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீயும் மிடியன் குர்லாண்டும் சோதித்துப் பார்த்தார்கள். வேறொரு வேலையைத் திட்டமிடச் சொன்னபோது, லோகோ கற்ற பிள்ளைகள் மற்றவர்களை மிஞ்சவில்லை. ஒன்றில் கற்றது இன்னொன்றுக்குப் போய்ச்சேர வேண்டுமானால், இரண்டுக்கும் நடுவே யாராவது வேண்டுமென்றே வழி போட்டிருக்க வேண்டும்.

சில சமயம் வழிக்குப் பதில் குழிதான் இருக்கிறது. பைதானில் எக்ஸ் = எக்ஸ் + 1 என்று எழுதுவது அன்றாட வழக்கம். உன் கணக்கு நோட்டில் அதையே எழுதி இரு பக்கமும் எக்ஸைக் கழித்துப் பார்: 0 = 1. பைதானில் சமக்குறி ‘இதை அதில் வை’ என்ற கட்டளை. நோட்டில் ‘இரண்டும் ஒன்றே’ என்ற உறுதி. ஒரே குறியை ஒரே நாளில் இரண்டு பொருளில் படிக்கிற பிள்ளை குழம்பினால் அது பிள்ளையின் குற்றமல்ல.

பாஸ்டனில் கணக்கு ஆசிரியராக இருந்த எம்மானுவேல் ஷான்சர் தொடங்கிய பூட்ஸ்ட்ராப் என்ற பாடத்திட்டம் இந்தக் குழியைத் தவிர்க்கிறது. பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீராம் கிருஷ்ணமூர்த்தியும் கேத்தி ஃபிஸ்லரும் அதில் பங்காற்றியவர்கள். மாணவர்கள் ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். ஆனால் கேமின் ஒவ்வொரு அசைவும் ஒரு சார்பு, அதாவது ஒன்றை வாங்கி ஒன்றைத் தரும் விதி; வைத்த பெயரின் மதிப்பை நடுவில் மாற்றுவதில்லை. 2015இல் இவர்கள் வெளியிட்ட ஆய்வில், இதைப் படித்த மாணவர்கள் காகிதத்தில் போடும் வார்த்தைக் கணக்குகளிலும் முன்னேறியிருந்தார்கள்.

எப்படி என்று செய்தே பார்ப்போம். 640 புள்ளி அகலத் திரையில் ஒரு காகம் வலமிருந்து இடமாகப் பறக்கிறது. ஒவ்வொரு நொடித்துளியிலும் 10 புள்ளி நகர்கிறது. உடனே சூத்திரம் எழுதாதே. முதலில் சார்புக்கு ஒரு பெயர் வை: நகர்வு. எதை வாங்கும், எதைத் தரும்? இடது ஓரத்திலிருந்து காகம் எத்தனை புள்ளி தள்ளி இருக்கிறது என்ற எண்ணை வாங்கும், அடுத்த நொடித்துளியில் அது எங்கே என்ற எண்ணைத் தரும். அடுத்த வருடம் பத்தாம் வகுப்புக் கணக்கின் முதல் பாடத்தில் மதிப்பகம், துணை மதிப்பகம் என்று வருபவை இவைதான்.

அடுத்து எடுத்துக்காட்டுகள்:

நகர்வு(600) = 600 − 10
நகர்வு(45) = 45 − 10

590 என்றோ 35 என்றோ சுருக்காதே. சுருக்கினால் நமக்கு வேண்டிய தடயம் அழிந்துவிடும். இப்போது இரண்டு வரிகளையும் மேலும் கீழும் பார்த்து, மாறுவதை மட்டும் பென்சிலால் வட்டமிடு. 600, 45 இரண்டும் மாறுகின்றன, 10 மாறவில்லை. மாறுவதற்கு ஒரு பெயர் கொடு:

நகர்வு(இடம்) = இடம் − 10

பாடப்புத்தகம் எக்ஸ் என்று எழுதுவது இந்த ‘இடம்’தான். புத்தகத்தில் முதல் வரியிலேயே எக்ஸ் வந்து நிற்பதால் அது வானத்திலிருந்து குதித்ததுபோல் தோன்றுகிறது. இங்கே அதை நீயே கண்டுபிடித்தாய். கணிப்பொறியால் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான் என்பேன். கூடவே, எடுத்துக்காட்டும் சூத்திரமும் முரண்பட்டால் கணிப்பொறி அப்போதே காட்டிக்கொடுக்கும். விடைத்தாள் திருத்தி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கேம் வளர வளரக் கணக்கும் வளரும். கேமில் ஓர் அணிலையும் சேர்த்து, அது (200, 150) என்ற புள்ளியிலும் காகம் (230, 190) என்ற புள்ளியிலும் இருந்தால் இரண்டும் மோதிக்கொண்டனவா? குறுக்கே 30, நெடுக்கே 40. பிதாகரஸ் தேற்றப்படி தொலைவு 50; நீ வைக்கும் எல்லையைவிட அது குறைவாக இருந்தால் மோதல். மோதல் நடக்க வேண்டும் என்று நீயே விரும்பும்போது அந்தத் தேற்றம் உனக்குத் தேவையான கருவியாகிவிடும்.

இதையெல்லாம் எதில் எழுதிப் பார்ப்பது? பைரெட் என்ற மொழி உலாவியிலேயே இலவசமாக ஓடும். ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பை, நீயாகத் தனிக் குறி போட்டு அனுமதித்தாலொழிய அதில் மாற்ற முடியாது. பைதான்தான் கிடைக்கிறது என்றாலும் கவலையில்லை: சார்பைத் தொடங்கும் டெஃப் என்ற சொல்லைப் போட்டுச் சார்புகளை மட்டும் எழுது, வைத்த பெயரின் மதிப்பை மாற்றாதே. பெயர்களைத் தமிழிலேயே எழுதினாலும் பைதான் ஏற்றுக்கொள்ளும்.

இப்போது உனக்கு ஒரு வேலை. காகம் திரையின் இடது ஓரத்தைத் தாண்டியதும், அதாவது இடம் 0-ஐவிடக் குறைந்ததும், மறுபடி 640இலிருந்து கிளம்ப வேண்டும். இப்போது சார்புக்கு இரண்டு கிளை. 25, 5, 0, −5 நான்குக்கும் எடுத்துக்காட்டுகளைக் கையால் எழுது. சரியாக 0-இல் இருக்கும் காகம் எந்தக் கிளையில் சேரும்? முடிவுசெய்து, காரணத்தோடு எழுதி அனுப்பு. அதன் பிறகு கணிப்பொறியைத் திற.

அன்புடன்,
அத்தை