சலவைக்குறி சொன்ன சாட்சி

பெருநகர்

அன்புள்ள தம்பிக்கு,

காந்தியடிகளைப் பலர் கண்முன்னே சுட்டவரை அங்கேயே பிடித்தாயிற்று. அப்புறம் அரசுத் தரப்பில் 149 சாட்சிகள் எதற்கு என்று கேட்டிருந்தாய். விசாரணை வெறும் சடங்கு என்ற இந்த எண்ணம் படித்தவர்களிடமும் ஊறிக் கிடப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. கோட்சே சுட்டாரா என்பதல்ல, செங்கோட்டையில் நீதிபதி ஆத்மசரண் முன் இருந்த கேள்வி. அவரோடு சேர்ந்து சதி செய்தவர்கள் யார் யார்? கூண்டில் நின்றவர்கள் எட்டுப் பேர்.

1948 ஜனவரி 20 அன்று காந்தியடிகள் தங்கியிருந்த பிர்லா மாளிகையில் குண்டு வெடிக்கவைத்த மதன்லால் பாவா பிடிபட்டார். மற்றவர்கள் தப்பினார்கள். டெல்லி மரீனா ஓட்டலின் 40ஆம் அறையில் தேஷ்பாண்டே என்ற பெயரில் தங்கிய இருவர், சலவைக்குப் போட்ட துணியைக்கூடத் திரும்ப வாங்காமல் அவசரமாகக் கிளம்பியிருந்தார்கள். அந்தத் துணிகளில் ‘என்.வி.ஜி.’ என்ற குறி. நாதுராம் விநாயக் கோட்சே! பதிவேட்டில் பொய்ப்பெயர் எழுதத் தெரிந்தவருக்குச் சட்டையிலிருந்த குறி நினைவுக்கு வரவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் மறக்கலாம், மிரளலாம், விலைபோகலாம். சலவைக்குறிக்கு அந்தப் பலவீனம் எதுவும் கிடையாது. கொலைக்கு முன் இருந்த பத்து நாளில் போலீஸார் அதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா? இன்றும் நினைத்தால் மனம் கொதிக்கிறது.

ஜனவரி 13, 14 தேதிகளில் கோட்சே தம் இன்சூரன்ஸ் பாலிசிகளுக்கு கூட்டாளி ஆப்தேயின் மனைவியையும் தம்பி கோபாலின் மனைவியையும் வாரிசாக நியமித்ததும் இதே வகைச் சான்றுதான்.

அப்ரூவராக மாறியவர் ஆயுத வியாபாரி திகம்பர் பட்கே. கூட்டாளியின் சாட்சியை மட்டும் வைத்துத் தண்டிப்பதை 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 133ஆம் பிரிவு தடுக்கவில்லை. ஆனால் முக்கிய விவரங்களுக்கு வேறு ஆதாரம் இல்லாவிட்டால் நம்ப வேண்டாம் என்று 114ஆம் பிரிவின் விளக்கம் எச்சரித்தது. பட்கே உண்மை பேசுகிறார் என்று கருதிய ஆத்மசரணே, எட்டுப் பேரில் ஒருவரான சாவர்க்கரைப் பற்றி அவர் சொன்னதற்குத் துணைச்சான்று போதாதென்று, 1949 பிப்ரவரி 10 அன்று சாவர்க்கரை விடுவித்தார். பிடித்த தீர்ப்பா, பிடிக்காத தீர்ப்பா என்று பார்க்காதே. காரணத்தைப் படி.

மேல்முறையீடு சிம்லாவில் நடந்தது. கொலைக்கான தண்டனையை எதிர்க்காத கோட்சே, சதியே இல்லை, தனியாகத்தான் செய்தேன் என்று தாமே வாதாடினார். மூன்று நீதிபதிகளில் ஒருவரான ஜி.டி. கோஸ்லா 1963இல் வெளியிட்ட நூலில், அந்தப் பேச்சைக் கேட்டுப் பெண்கள் அழுததையும், வந்திருந்தவர்களையே ஜூரியாக்கியிருந்தால் விடுதலை செய்திருப்பார்கள் என்பதையும் எழுதுகிறார். நீதிபதிகள் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்த்திருக்கிறாயே. பராந்தகன் காலத்தில், கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினர்களுக்கும் குடவோலையில் இடமில்லை. சிம்லாவிலோ ஆளுக்கு ஆள் தனியாக எடைபோட்டார்கள். தெலுங்கு பேசும் சங்கர் கிஸ்தய்யா, பட்கேயின் வேலைக்காரர். எஜமான் ஏவியதைச் செய்தவர். 1949 ஜூன் 21 தீர்ப்பில் அவரும் குவாலியர் டாக்டர் பர்ச்சுரேயும் விடுதலையானார்கள். கோட்சேக்கும் ஆப்தேக்கும் தூக்கு உறுதியானது.

பொங்கலுக்கு ஊர் வரும்போது, காந்தி கொலைச் சதியை விசாரித்த கபூர் கமிஷன் அறிக்கையில் மரீனா ஓட்டல் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு வா. பேச நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் ஆசிரியர்